கடல் கடந்து கற்போரும் தனிமையும்

(எமது சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்திலே நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



ஆண்டு விழாவிலே பேசுபவர்கள் சமய வாழ்வைப் பற்றியோ இளைஞர் கடமையைப் பற்றியோ பேசுவது வழக்கம். யாம் இன்று எடுத்துக்கொண்ட பொருள் முதற்பார்வைக்கு இவ்விரண்டிலும் சேராததுபோலத் தோன்றும். பிறநாடு சென்று கற்கும் மாணவரைப் பற்றும் தனிமையும், அதனால் மனத்துக்கு நேரும் நோயுமே அப்பொருள். கேட்டு முடிந்தபின், சமயமும் கடமையும் ஒருங்கே சேர்ந்த பொருள் இதுவென்று நீங்களே ஒப்புக்கொள்வீர்கள் என நம்புகின்றோம்.

இந்த மண்டபத்திலே பிரியாவிடை வைபவங்கள் பல கண்டிருக்கின்றோம். மேற்படிப்புக்காகப் பிறநாடு செல்லும் தம்பியோ தங்கையோ மேடையிலே நிற்பர். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்போம், விபூதி பூசுவோம், மாலை சூட்டுவோம், "ஊருக்குப் பெருமை தேடித் தாருங்கள்" என்று ஒருவர் பின் ஒருவராகப் பேசுவோம். பின்னர்ச் சிற்றுண்டி அருந்திக் கலைந்துவிடுவோம். விமானம் ஏறிய பிள்ளையைப் பற்றி நாம் அடுத்துப் பேசுவது பட்டம் பெற்ற செய்தி வரும்போதுதான். இடையிலே கழியும் மூன்று நான்கு ஆண்டுகளிலே அப்பிள்ளை என்ன உண்டது, எப்படி உறங்கியது, யாரோடு கதைத்தது என்று நாம் கேட்டதுண்டா? இக்கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர்களுள் யாமும் அடங்குவோம்.

கணித மேதை சீனிவாச இராமாநுஜன் பெயரை அறியாதார் இங்கு இலர். 1729 என்ற எண்ணைப் பற்றிய கதையையும் பலர் அறிவீர்கள். அவரைப் பார்க்கச் சென்ற பேராசிரியர் ஹார்டி, தாம் வந்த வாடகை வண்டியின் இலக்கம் 1729 என்றும், அது சுவையற்ற எண்ணாகத் தோன்றிற்று என்றும் கூறினார். அப்படியன்று, இரண்டு கனங்களின் கூட்டுத்தொகையாக இரு வகையிலே எழுதத்தக்க எண்களுள் அதுவே மிகச் சிறியது என்று இராமாநுஜன் உடனே விடையிறுத்தார். இக்கதையை மாணவருக்குச் சொல்லி மகிழ்கின்றோம். ஆனால், அந்த உரையாடல் இலண்டனைச் சேர்ந்த பட்னி என்னுமிடத்திலே ஒரு நோயாளியின் கட்டிலருகே நடந்தது என்பதை நாம் சொல்வதில்லை. அந்த இளைஞர் அக்கட்டிலுக்கு எவ்வாறு வந்தார் என்று கேட்பதுமில்லை.

1914ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 17ஆந் திகதி சென்னையிலே கப்பலேறியபோது அவருக்கு வயது 26. மனைவியார் ஜானகி அம்மாள் தாய்நாட்டிலேயே தங்கினார். சில மாதங்களிலே முதலாம் உலகப் போர் மூண்டது. கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் இளைஞர் பலர் போர்முனைக்குச் சென்றுவிட்டனர். ஆசாரம் தவறாத மரக்கறி உணவினரான இராமாநுஜன், கல்லூரியின் உணவு மண்டபத்திலே உண்ணாது, தம் அறையிலே தாமே சமைத்துண்டார். உணவு மண்டபம் என்பது வயிற்றுக்கு மாத்திரம் உரிய இடமன்று. நாள்தோறும் நாலு பேர் முகத்தைக் காணும் இடமுமாகும். தம் விரதத்தைக் காத்த அவர், அந்த நாலு முகங்களையும் இழந்தார்.

அக்காலத்திலே அங்கு மாணவராயிருந்து, பிற்காலத்திலே புள்ளிவிபரவியலிற் புகழ்பெற்ற மகலனோபிஸ் என்பார் கூறிய ஒரு செய்தியுண்டு. குளிர் தாங்க முடியாமல் இராமாநுஜன் இரவிலே மேலங்கியை அணிந்துகொண்டு உறங்கினாராம். படுக்கையைப் பார்த்தபோது அதிலே கம்பளிகள் இருந்தன. அவை ஆங்கிலேயர் வழக்கப்படி மெத்தையின் ஓரங்களிலே செருகப்பட்டு, மேல்விரிப்பினால் மூடப்பட்டிருந்தன. அவற்றை விலக்கி உள்ளே புகுந்து படுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியவில்லை, தெரிவிப்பாரும் இருக்கவில்லை. அன்பர்களே, இச்செய்தியை மறவாதிருங்கள். கம்பளி இருந்தது, குளிரும் இருந்தது, வழிகாட்ட ஒரு மனிதர்தான் இல்லை.

இன்னொரு நாள் அவர் நண்பர் சிலரை அழைத்து, தாமே சமைத்து விருந்திட்டார். திரும்பத் திரும்பப் பரிமாற வந்தபோது விருந்தினர் போதும் என்றனர். சற்று நேரத்தில் அவரைக் காணவில்லை. ஒருவருக்கும் சொல்லாமல் வெளியேறி ஒக்ஸ்போட் நகருக்குப் போய்விட்டார். சில நாட்களின் பின்னரே திரும்பினார். தனிமையிலே நெடுங்காலம் கிடந்த மனத்துக்கு ஒரு சிறு மறுப்பும் பேரிடியாகும் என்பதற்கு இதனிலும் சான்று வேண்டுமா? ஊரிலிருந்து மனைவியார் எழுதிய கடிதங்களும் குடும்பப் பிணக்கினால் அவர் கைக்கு வந்து சேரவில்லை என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். 1917இல் நோய்வாய்ப்பட்டு, ஒரு வைத்தியசாலையிலிருந்து இன்னொரு வைத்தியசாலைக்கு மாற்றப்பட்டு வந்த அவர், 1918ஆம் ஆண்டின் தொடக்கத்திலே தம்முயிரைத் தாமே முடித்துக்கொள்ள முயன்று, தெய்வாதீனமாகத் தப்பினார். அதே 1918ஆம் ஆண்டிலேதான் றோயல் சங்கம் அவரைத் தன் அங்கத்தவராகத் தெரிந்தெடுத்தது. புகழ் தனிமைக்கு மருந்தாகாது என்பதை இவ்விரண்டு நிகழ்ச்சிகளும் ஒருங்கே நமக்கு உணர்த்துகின்றன. 1919இல் தாய்நாடு திரும்பி, 1920ஆம் ஆண்டு ஏப்பிரல் 26ஆந் திகதி தமது 32ஆவது வயதிலே காலமானார். உடல்நோயே அவரைக் கொண்டுசென்றது. ஆயினும் அவ்வுடல் நோயுற்றுக் கிடந்த காலத்திலே மனம் எத்துணைத் தனித்திருந்தது என்பதை நாம் மறத்தல் தகாது.

இதற்கு இருபத்தாறு ஆண்டுகளின் முன்னர், 1888இல், மற்றோர் இளைஞர் இலண்டனுக்குச் சென்றார். அவரே மோகனதாஸ் காந்தி. வயது 19 நிரம்பவில்லை. மதுவையும் மாமிசத்தையும் மாதரையும் தீண்டேன் என்று தாயாருக்கு வாக்குக் கொடுத்துச் சென்றவர். அந்த மகாத்மாவும் முதல் நாட்களிலே இரவு தோறும் தாயை நினைந்து அழுததாகத் தம் சுயசரிதையில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். பசியோடு தெருத்தெருவாக அலைந்து, ஈற்றிலே பாரிங்டன் வீதியில் ஒரு மரக்கறி உணவுச்சாலையைக் கண்டார். அங்கே வயிறு நிறைந்ததோடு, கருத்தொத்த மனிதரின் கூட்டமும் கிடைத்தது. மரக்கறி உணவினர் சங்கத்திலே சேர்ந்து அதன் நிருவாகக் குழுவிலும் இடம்பெற்றார். இராமாநுஜனைத் தனிமைப்படுத்திய அதே விரதம் காந்தியடிகளுக்கு நண்பர்களைத் தேடித் தந்தது. இருவரிடத்தும் மனவுறுதி இருந்தது. ஒருவருக்கு ஒரு சங்கம் வாய்த்தது, மற்றவருக்கு வாய்க்கவில்லை. போரும் நோயும் வேறு காரணங்களும் இடைநின்றன என்பது உண்மையே. ஆயினும் சங்கம் என்ற பெயரைத் தாங்கி நிற்கும் நாம் இவ்வேறுபாட்டைச் சிந்தித்தல் வேண்டும்.

"அது கப்பற்காலம், இன்றோ கைத்தொலைபேசியிலே முகம் பார்த்துக் கதைக்கலாமே!" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இன்று உலகிலே தம் நாட்டை விட்டுப் பிறநாட்டிலே உயர்கல்வி கற்போர் 60 இலட்சத்துக்கும் மேற்பட்டோர். அவர்களுள் ஏறக்குறைய எல்லோர் கையிலும் தொலைபேசி உண்டு. ஆனால் ரொறன்ரோ நகரிலே மாரிக்காலத்து இரவு ஒன்பது மணிக்கு ஒரு பிள்ளைக்கு நெஞ்சு கனக்குமாயின், இங்கே மறுநாட் காலை ஏழரை மணி. தகப்பன் வேலைக்கு ஓடுகின்ற நேரம். தாய் அடுப்படியிலே நிற்கின்ற நேரம். மேலும், தொலைபேசி முகத்தைத்தான் காட்டும். அம்முகத்தை ஐந்து நிமிடம் சிரிக்க வைத்திருப்பது எந்தப் பிள்ளைக்கும் கடினமன்று.

இந்தச் சங்கத்து இளைஞர் ஒருவரின் கதையைச் சொல்லுகின்றோம். சொல்ல அவர் அநுமதி தந்திருக்கிறார். பெயரை யாம் சொல்லோம். தகப்பனார் காணியை ஈடு வைத்து அவரை வடதேசம் ஒன்றுக்கு அனுப்பினார். முதல் மூன்று மாதம் எல்லாம் புதுமையாகவும் இனிமையாகவும் இருந்தன. பின்பு மாரி வந்தது. பிற்பகல் நாலு மணிக்கே இருள் சூழ்ந்தது. வீட்டு வாடகைக்காக ஒரு களஞ்சியத்திலே இரவு வேலை செய்தார். பகலிலே வகுப்பில் உறங்கினார். இரண்டு பாடங்களிலே தவறினார். பிறகு வகுப்புக்குப் போவதையே நிறுத்திவிட்டார். ஞாயிறு தோறும் தாயார் கதைப்பார்: "சாப்பிட்டனியா மோனை?" "ஓம் அம்மா, சாப்பிட்டனான்." "படிப்பெல்லாம் எப்படி?" "எல்லாம் நல்லம் அம்மா." எட்டு மாதம் இப்படியே கழிந்தது. அந்த எட்டு மாதத்திலே தாம் சொன்ன உண்மையான சொல் ஒன்றுமில்லை என்று அவர் எம்மிடம் கூறினார். ஈட்டில் இருந்த காணி அவர் வாயை அடைத்துவிட்டது.

ஈற்றிலே நாலு நாள் அறையை விட்டு வெளியே வரவில்லை. அதே வீட்டில் வாடகைக்கு இருந்த வேற்று நாட்டு மாணவன் ஒருவன் கதவைத் தட்டினான். பாஷையும் வேறு, சமயமும் வேறு. ஒரு கோப்பைச் சூப்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒரு புத்திமதியும் சொல்லாமல், கதவடியிலே நிலத்தில் உட்கார்ந்திருந்தானாம். மறுநாள் கையைப் பிடித்து அழைத்துச் சென்று சர்வகலாசாலையின் உளவளத்துணையாளரிடம் விட்டான். அவர் வைத்தியரிடம் அனுப்பினார். மருந்தும் ஆறுதலும் கிடைத்தன. ஒரு தவணை ஓய்வும் கிடைத்தது. நம் இளைஞர் ஓராண்டு பிந்திப் படிப்பை முடித்து, இன்று நலமாக உழைக்கின்றார். அவர் எம்மிடம் சொன்ன ஒரு சொல்தான் எம்மை இம்மேடைக்குக் கொண்டுவந்தது. "நீங்கள் எல்லாரும் மாலை போட்டு அனுப்பினீர்கள் ஐயா. அதற்குப் பிறகு ஒருத்தரும் ஒரு கடிதம்கூடப் போடவில்லை" என்றார். கோபமாகச் சொல்லவில்லை; சிரித்துக்கொண்டே சொன்னார். யாம் தலைகுனிந்தோம்.

இவர் அநுபவம் தனிப்பட்ட ஒன்றன்று. அவுஸ்திரேலியாவிலே கற்கும் பிறநாட்டு மாணவர் 200 பேரை ஆராய்ச்சியாளர் நேரிற் கண்டு வினவி, 2008ஆம் ஆண்டிலே ஓர் ஆய்வை வெளியிட்டனர். மூவரில் இருவர் தனிமையால் வாடியதாகக் கூறியிருந்தனர். அத்தனிமையை அவர்கள் மூவகையாகப் பிரித்துக் கண்டனர். தாய் தந்தையரையும் உற்றாரையும் பிரிந்ததால் வருவது ஒன்று. பழகுவதற்கு நண்பர் வட்டம் இல்லாமையால் வருவது மற்றொன்று. நண்பர் இருந்தும், தன் பாஷையும் பழக்கவழக்கமும் பண்டிகையும் உணவும் சூழ இல்லாமையால் வருவது மூன்றாவது. நமக்கு மிகவும் பயன்படும் செய்தி இம்மூன்றாவதே. வகுப்பிலே பத்து நண்பர் இருந்தாலும், தைப்பொங்கலன்று தனியே பால் காய்ச்சிக்கொண்டு நிற்கும் பிள்ளையின் தனிமை அந்தப் பத்துப் பேராலும் தீராது. தொலைபேசி முதலாவதைச் சிறிது தணிக்கும். மற்ற இரண்டையும் தணிக்க அயலிலே மனிதர் வேண்டும்.

இன்னோர் ஆய்வு 1955இல் வெளிவந்தது. அமெரிக்காவுக்குச் சென்று கற்று வந்த நோர்வே நாட்டவர் 200 பேரை லிஸ்கார்ட் என்பவர் ஆராய்ந்தார். ஆறு மாதத்துக்குட்பட்டு அங்கே தங்கியோரும், பதினெட்டு மாதத்துக்கு மேல் தங்கியோரும் நன்கு பொருந்தி வாழ்ந்தனராம். இடைப்பட்ட காலம் தங்கியோரே இடர்ப்பட்டனராம். எல்லோர்க்கும் இக்கணக்குப் பொருந்தாது என்று பின்வந்தோர் காட்டியுள்ளனர். ஆயினும் அதிலே நமக்கொரு பாடம் உண்டு. நாம் ஆரவாரம் செய்வது புறப்படும் நாளிலே; பிள்ளைக்கு நாம் வேண்டியிருப்பது பெரும்பாலும் ஆறாம் ஏழாம் மாதத்திலே. விளக்கு நிறைந்திருக்கும்போது நெய் வார்த்துவிட்டு, வற்றும்போது வாளாவிருக்கின்றோம்.

தனிமை வேறு, மனநோய் வேறு என்பதையும் விளக்குதல் வேண்டும். வீட்டை நினைந்து வாடுதல் எவர்க்கும் இயல்பு. பெரும்பாலும் அது காலத்தால் ஆறும். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேலாக உறக்கம் கெடுதல், பசி கெடுதல், விருப்பமான காரியத்திலும் விருப்பமின்மை, படித்தது மனத்தில் தங்காமை, தான் ஒன்றுக்கும் உதவாதவன் என்ற எண்ணம், வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் ஆகியன நீடிக்குமாயின், அது வைத்தியரிடம் காட்ட வேண்டிய நோய். காய்ச்சலுக்கு மருந்துண்பதுபோல இதற்கும் மருந்துண்டு, சிகிச்சையுண்டு, குணமுமுண்டு. வடதேசங்களிலே குளிர்காலத்துச் சூரிய ஒளிக் குறைவினாலும் ஒருவகை மனச்சோர்வு வரும் என்பதை 1984இலேயே வைத்தியர்கள் விபரித்துள்ளனர். இவற்றையெல்லாம் "விசர்" என்ற ஒரு சொல்லாலே மூடிவிடுவது நம்மிடையே உள்ள பெருங்குற்றம். அந்தச் சொல்லுக்குப் பயந்தே எத்தனை பிள்ளைகள் வாய் திறவாதிருக்கின்றனர்!

"பக்தி இருந்தால் மனம் கலங்குமா?" என்று கேட்கும் பெரியோரும் உளர். அவர்களுக்கு யாம் பணிவோடு ஒன்றை நினைவூட்டுவோம். பகவத் கீதையின் முதல் அத்தியாயத்தின் பெயர் அர்ச்சுன விஷாத யோகம். விஷாதம் என்றால் மனத்துயர். வில்லுக்கு விசயன் என்று பேரெடுத்த வீரனுக்குக் கை நடுங்குகிறது, வாய் உலர்கிறது, வில் நழுவுகிறது. அவன் அதை மறைக்கவில்லை. அருகிலிருந்த தோழனிடம் முழுவதும் சொன்னான். அத்தோழனோ அந்த அத்தியாயத்திலே பெரும்பாலும் வாய்திறவாமல் கேட்டுக்கொண்டேயிருக்கிறான். உபதேசமெல்லாம் பிறகுதான் வருகிறது. மனத்துயரைச் சொல்லுதலையும் அதைப் பொறுமையோடு கேட்டலையும் நம் நூல் யோகத்தின் வாயிலிலே வைத்திருக்கின்றது. நம் சைவ மரபிலும் இறைவனைத் தோழனாகக் கொண்டு தம் குறைகளையெல்லாம் உரிமையோடு சொன்னவர் சுந்தரமூர்த்தி நாயனார். குறை சொல்லுதல் பக்திக்கு இழுக்கென்றால் அவரை நாம் தம்பிரான் தோழர் என்று போற்றுவோமா?

இனிச் செய்யத்தக்கது என்ன? முதலிலே புறப்படும் மாணவருக்குச் சில வார்த்தை. சென்ற முதற்கிழமையிலேயே சர்வகலாசாலையின் உளவளத்துணைப் பிரிவும் வைத்தியசாலையும் எங்கே இருக்கின்றன என்று கேட்டறிந்து வையுங்கள். நோய் வந்தபின் தேடுவது கடினம். கிழமையில் ஒரு வேளையாவது பிறரோடு இருந்து உண்ணுங்கள். அருகே கோயிலிருந்தால் செல்லுங்கள். இல்லையேல் இரண்டு பேர் சேர்ந்து ஓர் அறையிலே தேவாரம் பாடினாலும் அது கூட்டு வழிபாடே. பிரித்தானியாவிலே பட்டப்படிப்பு மாணவருக்குத் தவணைக் காலத்தில் கிழமைக்கு 20 மணித்தியாலமும், அவுஸ்திரேலியாவிலே 2023 யூலை முதல் இரு கிழமைக்கு 48 மணித்தியாலமுமே வேலைக்கு விதித்த எல்லை. அவ்வெல்லையை மீறி ஒளித்து உழைப்போர் உறக்கத்தை மாத்திரமன்றி, அநியாயம் நேர்ந்தால் முறையிடும் துணிவையும் இழப்பர். மனம் தாங்காத வேளையிலே கேட்பதற்கு மனிதர் உண்டு: பிரித்தானியாவிலே 116 123, அவுஸ்திரேலியாவிலே 13 11 14, கனடாவிலும் அமெரிக்காவிலும் 988, நம் நாட்டிலே 1926. இவ்விலக்கங்களைத் தொலைபேசியிலே இன்றே பதிந்துகொள்ளுங்கள். பிரித்தானியச் சேவையை 1953இலே தொடங்கியவர் சாட் வாரா என்னும் கிறிஸ்தவ மதகுரு ஒருவர். துயருற்றோர் சொல்வதைக் கேட்பதையே தம் சமயத் தொண்டாகக் கொண்டார். பிறர் செய்த நற்காரியத்தைப் பார்த்துக் கற்றல் நமக்கு இழிவன்று.

பெற்றோரே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். "சாப்பிட்டியா" என்ற கேள்வியை விடாதீர்கள். அது அன்பின் மொழி. ஆனால் அதனோடு, "யாரோடு சாப்பிட்டாய்?" என்றும் கேளுங்கள். கடனையும் ஈட்டையும் ஒவ்வொரு முறையும் நினைவூட்டாதீர்கள்; பிள்ளை அதனை மறந்ததேயில்லை. அடுத்த வீட்டுப் பிள்ளையின் பெறுபேற்றைச் சொல்லாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, புறப்படும் முன்னரே, "உனக்கு முடியாவிட்டால் திரும்பி வா மோனை, வீடு இருக்கிறது" என்று வாய்விட்டுச் சொல்லி அனுப்புங்கள். திரும்பி வரலாம் என்று அறிந்த பிள்ளைதான் துணிந்து நிற்கும். பட்டமின்றித் திரும்பி வருபவரைப் பரிகசிக்கும் நாக்கு நம் ஊரிலே உண்டு. அதை அடக்குவது பெரியோர் கடமை.

இறுதியாக, நம் சங்கம். மாலைக்குச் செலவிடுவதைக் குறைக்க வேண்டுமென்று யாம் சொல்லவில்லை. பிரியாவிடைப் புத்தகம் ஒன்று வைத்து, சென்ற ஒவ்வொருவரின் பெயருக்கும் எதிரே, இங்குள்ள இருவரின் பெயரை எழுதுவோம். ஒருவர் இளைஞர், ஒருவர் மூத்தவர். மாதம் ஒருமுறை கடிதமோ அழைப்போ அவர்கள் பொறுப்பு. ஆறாம் மாதத்திலும் மாரிக்காலத்திலும் இருமடங்கு கவனம். முன்னே சென்றவரைப் பின்னே செல்பவரோடு நகரவாரியாக இணைத்துவிடுவோம். சென்று மீண்டவர்களை இம்மேடையிலே ஏற்றி, பட்டத்தைப் பற்றி மாத்திரமன்று, பட்ட பாட்டைப் பற்றியும் பேசச் செய்வோம். அவர்கள் பேசினால் அடுத்துச் செல்பவர் மறைக்க வேண்டியதில்லை. நம் ஊருக்குக் கற்க வந்து வாடகை அறைகளிலே தங்கியிருக்கும் வேற்றூர்ப் பிள்ளைகளையும் தைப்பொங்கலுக்கும் சிவராத்திரிக்கும் வீட்டுக்கு அழைப்போம். நம் பிள்ளைக்கு அங்கே எவனோ ஒருவன் சூப்புக் கொண்டுவந்தானே. அந்தக் கடனை நாம் இங்கேதான் தீர்க்க வேண்டும்.

கேம்பிரிட்ஜ் அறையிலே கம்பளி இருந்தும் குளிரிலே படுத்த அந்த மேதையை நினைந்து இவ்வுரையை முடிக்கின்றோம். நம் பிள்ளைகளுக்கும் கம்பளிகள் உண்டு: வைத்தியர் உண்டு, உதவிச் சேவைகள் உண்டு, சங்கம் உண்டு, அன்புள்ள வீடு உண்டு. விரிப்பை விலக்கிக் காட்டும் கையாக நாம் இருப்போமாக. இன்று கூட்டம் கலையுமுன், பிறநாட்டிலே இருக்கும் ஒரு பிள்ளையின் பெயரை ஒவ்வொருவரும் மனத்திலே எண்ணிக்கொள்ளுங்கள். இன்றிரவே ஒரு வரி எழுதுங்கள். விநாயகப் பெருமான் திருவருள் நம் பிள்ளைகள் எங்கிருப்பினும் துணைநிற்பதாக.